ஒத்திக்கு விட்ட வீடு

குறிஞ்சிப்பாடியில் நான் பத்திரம் எழுதப் பழகிய காலத்தில், ஒருவரின் கடன் யோக்கியதையை நெசவுத் தெருவே சொல்லிவிடும். முன்பணமாக நூல் வாங்கிவிட்டு, கைலியைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்யாதவனுக்கு வேறு யாரும் நூல் தரமாட்டார்கள். அப்படிப்பட்டவன் குடும்பத்துக்குப் பணம் தேவைப்பட்டால்? வீட்டை ஒத்திக்கு விடுவதுதான் வழி.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமே இதற்கு இடம் கொடுக்கிறது. பணம் கொடுத்தவர் வீட்டில் குடியேறுவார். வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை என்ற வாசகத்தை எத்தனை பத்திரத்தில் எழுதியிருப்பேனோ! நூல் கணக்கைத் தீர்க்காத கணவனின் பேச்சை யாரும் நம்ப வேண்டியதில்லை. வீடே கைக்கு வந்துவிடுகிறதே. ஒரு பத்திரத்தில், கூடத்துக் குழித்தறி மட்டும் நெய்பவர் வசமே இருக்கும், பகலில் வந்து நெய்துகொள்ளலாம் என்று தனி ஷரத்தே சேர்த்தேன்.

மனை மனைவி பேரில் இருந்தால் இன்னும் சுலபம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு பெண்ணைத் தன் சொத்துக்கு முழு உரிமையாளர் ஆக்கியது. அவள் கையெழுத்தே போதும். ஆனாலும் புருஷனைச் சாட்சியாகப் போடச் சொல்வார்கள். பின்னால் வம்புக்கு வரக்கூடாதல்லவா?

2000இல் சிபில் என்ற கடன் தகவல் நிறுவனம் வந்தது. 2005இல் அத்தகைய நிறுவனங்களுக்கென்று சட்டமும் வந்தது. இப்போது ஒருவரின் கடன் யோக்கியதையைச் சொல்வது 300 முதல் 900 வரை ஓர் எண். மனைவி வங்கியில் கடன் கேட்கும்போது கணவனை இணைக் கடன்தாரராகச் சேர்த்தால் அவன் எண்ணும் உள்ளே வந்துவிடும். உங்கள் வருமானம் போதுமென்றால் அவரைச் சேர்க்காதீர்கள் என்பேன், கேட்கவரும் பெண்களிடம். ஆனால் அந்த வருமானத்தைக் காட்ட, தறிக்கூலிக்கு ஏது சம்பளச் சீட்டு?