வாழ்நாள்: முக்காலமும் சுமக்கும் சொல்

கல்கிசைக் கடற்கரை விடுதிகளின் வாயிலில் கைகூப்பிச் சொல்லப்படும் ‘ஆயுபோவன்’ என்னும் சிங்கள முகமனும், நாம் பேசிக்கொண்டிருந்தவரே எதிரே வந்து நின்றால் வெள்ளவத்தை வீடுகளில் எழும் ‘உங்களுக்கு நூறு ஆயுசு’ என்னும் வாழ்த்தும் ஒரே வேரில் கிளைத்தவை. வடமொழி ‘ஆயுஸ்’ சிங்களத்தில் ‘ஆயு’ ஆயிற்று. நம் பேச்சில் ‘ஆயுசு’, எழுத்தில் ‘ஆயுள்’. ளகர ஈறு பெற்றதும் அது நாள், கோள், தாள் என்பவற்றின் வரிசையில் இயல்பாய் அமர்ந்து, ‘நாட்குறிப்பு’ப் போலவே ‘ஆயுட்காலம்’ என்று புணரவும் தொடங்கிற்று. சிலம்பின் புகார் வீதிகளிலேயே ‘ஆயுள்வேதர்’ குடியிருக்கிறார்கள். அத்துணைப் பழைய வரவு அது.

ஆயினும் அன்பர்களே, ஆயுள் காப்புறுதி, ஆயுள் தண்டனை, ஆயுள் ரேகை, ‘அவருக்கு ஆயுள் கெட்டி’ என்னும் வழக்குகளை அடுக்கிப் பாருங்கள்: எங்கும் ஆயுள் என்பது முன்பே அளந்து தரப்பட்ட ஒன்றாகவே ஒலிக்கிறது. நம் ‘வாழ்நாள்’ அப்படியன்று. வள்ளுவர் ‘வீழ்நாள்’ என்பதற்கு எதுகையாக நிறுத்திய இச்சொல் வினைத்தொகை. வாழ்ந்த நாள், வாழ்கின்ற நாள், வாழும் நாள் என மூன்று காலமும் அதனுள் கரந்து நிற்கின்றன. அதனுள்ளே ஒரு வினை இருக்கிறது. வினை இருப்பதால் முயற்சிக்கும் இடம் இருக்கிறது.

அந்த இடத்தை இலங்கை கண்டுகொண்ட ஆண்டு 1947. முந்தைய ஆண்டில் சராசரி வாழ்நாள் நாற்பதுகளின் தொடக்கத்தில் இருந்தது. ஒரே ஆண்டில் ஐம்பதைக் கடந்தது. மலேரியா நுளம்பை ஒழிக்கத் தெளித்த டி.டி.டி.யும், ஊரூராய் விரிந்த இலவச மருத்துவமும், மருத்துவிச்சிமாரின் உழைப்பும் சேர்ந்து செய்த வேலை அது. பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 1946இல் ஏறத்தாழ 140 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். இன்று அத்தொகை பத்துக்கும் கீழ். ஆண்களைவிடக் குறைவாக வாழ்ந்த பெண்கள் 1960களில் அவர்களை முந்தினார்கள். இன்று நாட்டின் சராசரி 75ஐத் தாண்டிவிட்டது.

இனியும் உயருமா? புள்ளியியலார் ‘ஆயுள் எதிர்பார்க்கை’ என்று எழுதுவது வருங்காலத்தைப் பற்றியதாகத் தோன்றினாலும், அதன் கணக்கு முழுவதும் நிகழ்காலமே: இவ்வாண்டின் இறப்பு வீதங்கள் மாறாதிருந்தால் இன்று பிறக்கும் குழந்தை எத்தனை ஆண்டு வாழும் என்பதே அது. குழந்தையொன்று பிழைத்தால் கணக்கில் எழுபது ஆண்டு ஏறும். எண்பது வயது முதியவர் பிழைத்தால் ஏறுவது சில ஆண்டுகளே. ஆகவே 1947இன் பாய்ச்சல் மீண்டும் வாராது. இனி ஏறும் ஒவ்வோர் ஆண்டையும் மாரடைப்பிடமிருந்தும் நீரிழிவிடமிருந்தும் மெல்ல மெல்ல மீட்க வேண்டும். முன்னணி நாடுகளின் வாழ்நாள் 1840 முதல் பத்தாண்டுக்கு இரண்டரை ஆண்டு வீதம் உயர்ந்ததைக் காட்டி, அது தொடரும் என்றார் மக்கள்தொகையியலாளர் வோப்பல். உடலின் மூப்பே எல்லை என்கிறார் மூப்பு ஆய்வாளர் ஒல்சான்ஸ்கி. 122 வயது வரை வாழ்ந்த பிரான்சின் ழான் கல்மானை இதுவரை எவரும் விஞ்சவில்லை.

உயரும், ஆனால் மெதுவாக என்பதே என் துணிபு. ‘நூறு ஆயுசு’ என்று வாழ்த்துவது எளிது. ஒரு நாட்டுக்கே நூறு வேண்டுமென்றால், ஆயுளை விதியென்று கொள்ளாமல், வாழ்நாளை வினையென்று கொண்டு உழைத்த அந்தத் தலைமுறையின் விடாமுயற்சி முதுமை மருத்துவத்திலும் வேண்டும்.