பத்துப் பிள்ளை இருந்தால் ஒரு பள்ளிக்கூடம்: வாத்தியார் எங்கிருந்து வந்தார்?



மலேசியத் தமிழ்க் கல்வி வரலாறு என்று பாடம் எடுக்கும்போது நாம் வழக்கமாக மூன்று ஆண்டுகளைப் பலகையில் எழுதுவோம். 1816, 1912, 1956. மாணவர்களும் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். போன தவணையில் ஒரு மாணவி கையைத் தூக்கி, "ஐயா, சட்டம் வந்துச்சு, பள்ளிக்கூடம் வந்துச்சு, சரி. பாடம் சொல்லிக் கொடுத்தது யாரு?" என்று கேட்டாள். என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. நம் பாடநூல்களில் சட்டங்களுக்கு இடம் இருக்கிறது, அறிக்கைகளுக்கு இடம் இருக்கிறது. வாத்தியாருக்கு ஒரு வரிதான். அந்த ஒரு வரியைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம்.

எல்லைக்கு அந்தப் பக்கம்

முதலில் இன்றைய நிலவரம் ஒன்று. பட்டர்வொர்த்தில் ரயில் ஏறினால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் பாடாங் பெசார். எல்லைக்கு அந்தப் பக்கம், தாய்லாந்தின் கிராமத்து அரசுப் பள்ளிகள் பலவற்றில் ஆங்கிலம் கற்பிப்பவர்கள் வெளிநாட்டவர்கள். பலருக்கு ஓராண்டுக்கும் குறைவான ஒப்பந்தம். விடுமுறை மாதங்களில் சம்பளமே கிடைக்காதவர்கள் உண்டு. ஆசிரியர் பயிற்சி இல்லாமல் தற்காலிக அனுமதியில் பாடம் நடத்துபவர்களும் உண்டு. பாங்காக்கில் உள்ள அனைத்துலகப் பள்ளிகளின் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இவர்கள் வாங்குவது கைச்செலவுக் காசு.

இதைக் கேட்டு நாம் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. நூறு ஆண்டுக்கு முன்னால் நம்ம தோட்டத்துப் பள்ளிகளும் கடல் கடந்து வந்தவர்களை வைத்து, குறைந்த சம்பளத்தில்தான் ஓடின. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அங்கே வெளிநாட்டவர் ஓர் அந்நிய மொழியைக் கற்பிக்கிறார். இங்கே வந்தவர் பிள்ளைகளின் தாய்மொழியையே கற்பித்தார்.

1816: ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ் வகுப்பு

பினாங்கு ஃப்ரீ ஸ்கூல் 1816 அக்டோபர் 21-இல் தொடங்கியது. தொடங்கியவர் பாதிரியார் ஹட்சிங்ஸ். அந்தப் பள்ளியோடு சேர்ந்து நடந்த தமிழ் வகுப்பைத்தான் இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். 2016-இல் நாடெங்கும் 200-ஆம் ஆண்டு விழா எடுத்ததும் அந்தக் கணக்கில்தான். இன்று அரும்பொருளகம் இருக்கும் ஃபார்குவார் சாலைப் பக்கம் மாணவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதைச் சொல்லலாம். ஃப்ரீ ஸ்கூல் 1928-இல் கிரீன் லேனுக்கு மாறும்வரை அங்கேதான் இருந்தது.

ஆனால் அந்தத் தமிழ் வகுப்பு நிலைக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே ஆதரவில்லாமல் நின்றுபோனது. ஆங்கில வகுப்புக்குப் பின்னால் வேலை இருந்தது, அரசாங்கம் இருந்தது. தமிழ் வகுப்புக்குப் பின்னால் அப்படி எதுவும் இல்லை. இந்தக் குறை அடுத்த நூறு ஆண்டும் தமிழ்ப் பள்ளியைத் தொடர்ந்து வந்தது.

சட்டம் வந்தது

19-ஆம் நூற்றாண்டில் மாகாண வெல்லெஸ்லியில், அதாவது இன்றைய செபராங் பிறையில், கரும்புத் தோட்டங்கள் பரவின. தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ஆட்கள் கொண்டுவரப்பட்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கரும்பு போய் ரப்பர் வந்தது. ஒப்பந்த முறை 1910-இல் ஒழிக்கப்பட்டு, கங்காணி முறை ஓங்கியது. கங்காணி தன் ஊருக்குப் போய் உறவு சனத்தைக் குடும்பம் குடும்பமாக அழைத்து வந்தார். குடும்பம் வந்தால் பிள்ளைகளும் வருவார்கள் இல்லையா? லயத்தில் பிள்ளைகள் பெருகினார்கள்.

இந்தப் பின்னணியில்தான் கூட்டு மலாய் மாநிலங்களின் 1912-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தைப் பார்க்க வேண்டும். 7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது சட்டம். 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் இதையே வலியுறுத்தியது. தேர்வில் இதை எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் "இதனால் தமிழ்ப் பள்ளிகள் பெருகின" என்று முடித்துவிடுகிறார்கள். எண்ணிக்கை பெருகியது உண்மைதான். ஆனால் துரைமார்களுக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. பள்ளிக்கூடம் இருக்கும் தோட்டத்துக்குக் குடும்பங்கள் வரும், வந்தவர்கள் தங்குவார்கள். பிள்ளைகளும் வளர்ந்து பால் மரம் வெட்டுவார்கள். அதனால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கொட்டகை போதும், நாலாம் வகுப்புவரை இருந்தால் போதும் என்று நினைத்தவர்கள் அதிகம். ஆசிரியரை உருவாக்கும் பொறுப்பை அரசாங்கமும் எடுக்கவில்லை, தோட்ட நிர்வாகமும் எடுக்கவில்லை.

யார் அந்த வாத்தியார்?

எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் வாத்தியார் ஆகலாம் என்ற நிலைதான் பல தோட்டங்களில் இருந்தது. கங்காணியே வாத்தியாராக இருந்த தோட்டம் உண்டு. கிராணி மாலையில் வந்து பாடம் சொல்லிக் கொடுத்ததும் உண்டு. சில இடங்களில் ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்தவர்களே பெரிய பிள்ளைகளுக்கு எழுத்தும் சொல்லிக் கொடுத்தார்கள். கூலியாகக் கப்பல் ஏறி வந்தவர்களில் ஊரில் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் நாலு எழுத்துப் படித்தவர் இருந்தால், அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

சம்பளம் எப்படி? 1920-களின் இறுதியில் தோட்டத் தொழிலாளியின் நாள் கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அது 30 காசுக்கும் கீழே போனது. லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இந்தக் கூலி வாங்கும் மக்கள் நடுவில், அதே துரையின் சம்பளப் புத்தகத்தில்தான் வாத்தியார் பெயரும் இருந்தது. தோட்டம் விலைபோனாலும் துரை மாறினாலும் அவர் வேலை ஆட்டம் கண்டது.

அரசாங்க உதவித்தொகை வருகைப் பதிவை ஒட்டி வந்தது. ஆகவே வகுப்பில் பிள்ளைகள் இருந்தாக வேண்டும். பிள்ளைகளோ விடிவதற்கு முன்னால் பெரட்டுக்குப் போகும் அப்பா அம்மாவோடு மங்கு கழுவவும் ஒட்டுப்பால் பொறுக்கவும் போனார்கள். அந்தக் காசு அடுப்புக்குத் தேவைப்பட்டது. வாத்தியார் லயத்துக்கு லயம் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வந்து, ஒரே அறையில் எல்லா வகுப்பையும் வைத்து நடத்தினார். பாடநூல் சென்னையிலிருந்து கப்பலில் வந்தது. காவிரி தெரிந்த அளவுக்கு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் ஓடும் கிரியான் ஆறு பாடத்தில் தெரியவில்லை.

இவ்வளவும் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், தோட்டத்துச் சனம் அவரை "வாத்தியாரய்யா" என்று எழுந்து நின்று கூப்பிட்டது. ஊருக்குக் கடிதம் எழுத வேண்டுமா, வாத்தியாரிடம் போ. வந்த கடிதத்தைப் படிக்கணுமா, அவரிடமே போ. 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் தோட்டத்துக்கு வந்தால் அவர் உரக்கப் படிக்க மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டார்கள். திருவிழா நாடகத்துக்கு வசனம் எழுதியதும் பெரும்பாலும் அவர்தான். பின்னாளில், 1950-51-இல் தமிழ் நேசன் நடத்திய கதை வகுப்பில் எழுதிப் பழகியவர்களிலும் ஆசிரியர்கள் இருந்தார்கள். மலேசியத் தமிழ் இலக்கியத்துக்குத் தோட்டப் பள்ளி வாத்தியார் கொடுத்தது கொஞ்சநஞ்சமல்ல.

பயிற்சி என்ற ஒன்று

ஒப்பிட்டுப் பார்த்தால்தான் இது விளங்கும். மலாய்ப் பள்ளி ஆசிரியர்களுக்காகத் தஞ்சோங் மாலிமில் சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1922-இல் திறக்கப்பட்டது. மலாய்ப் பெண் ஆசிரியைகளுக்கு 1935-இல் மலாக்காவில் ஒரு கல்லூரி வந்தது. தமிழ்ப் பள்ளி ஆசிரியருக்கு அப்படி ஒரு கல்லூரி போருக்கு முன் கட்டப்படவே இல்லை. 1930-களின் பிற்பகுதியில்தான் ஓரளவு முறையான பயிற்சி வகுப்புகள் வந்தன. தமிழில் இடைநிலைப் பள்ளியும் கிடையாது. அதனால் தோட்டப் பள்ளியில் படித்த பிள்ளை திரும்ப அங்கேயே ஆசிரியராகும் அளவுக்கு மேலே படிக்க வழியில்லை. இது ஒரு வட்டம். பள்ளி ஆசிரியரை உருவாக்கவில்லை, ஆகவே ஆசிரியர் கடல் கடந்து வரவேண்டியிருந்தது. வந்தவருக்குச் சம்பளம் குறைவு, ஆகவே நன்றாகப் படித்தவர் வரவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் தென்னிந்தியாவிலிருந்தும் வந்தவர்களில் ஆங்கிலம் படித்தவர்கள் நகரத்து ஆங்கிலப் பள்ளிகளுக்கும் ரயில்வே, அரசாங்க அலுவலகங்களுக்கும் போனார்கள்.

போர் வந்தது. ஜப்பானியர் ஆட்சியில் பல பள்ளிகள் மூடப்பட்டன. சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் திரும்பவில்லை. பள்ளிகள் மறுபடி எழுந்தபோது இன்னொரு கதவும் மூடியது. 1950-களின் தொடக்கத்தில் குடிநுழைவுச் சட்டம் இறுகியது. இனி இந்தியாவிலிருந்து ஆசிரியர் தாராளமாக வரமுடியாது. தமிழ்ப் பள்ளி தனக்கு வேண்டிய ஆசிரியரை இந்த மண்ணிலேயே தேடவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது.

ரசாக் அறிக்கையை இந்தக் கண்ணால் பாருங்கள்

1951-இன் பார்ன்ஸ் அறிக்கை தாய்மொழிப் பள்ளிகளை விட்டுவிட்டு மலாய், ஆங்கில தேசியப் பள்ளிகளை முன்வைத்தது. தமிழர்களும் சீனர்களும் எதிர்த்தார்கள். 1956-இன் ரசாக் அறிக்கை தமிழ் வழித் தொடக்கப்பள்ளிக்கு நாட்டின் கல்வி அமைப்புக்குள் இடம் கொடுத்தது. இதை எல்லாரும் எழுதுவார்கள். நாம் அதிகம் கவனிக்காதது, எல்லா இன ஆசிரியர்களையும் ஒரே தொழில்முறைச் சேவையின் கீழ் கொண்டுவர அந்த அறிக்கை பரிந்துரைத்ததைத்தான். துரையின் சம்பளப் புத்தகத்திலிருந்து வாத்தியார் பெயர் அரசாங்கச் சம்பளத்துக்கு மாறிய வழி இதுதான். சுதந்திரத்துக்குப் பின் உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று வரத் தொடங்கினார்கள்.

அதே காலத்தில் இன்னொரு வகை வெளிநாட்டு ஆசிரியர்களும் வந்தார்கள். அமெரிக்க அமைதிப் படைத் தொண்டர்கள் 1962 முதல் 1983 வரை இந்நாட்டில் பணியாற்றினார்கள். மொத்தம் 4,000-க்கு மேற்பட்டோர். பலர் புறநகர், கிராமப் பள்ளிகளில் ஆங்கிலம், கணிதம், அறிவியல் கற்பித்தார்கள். சம்பளம் அல்ல, வாழ்க்கைச் செலவுக்கு ஒரு படி மட்டும். அவர்களை இன்றும் நன்றியோடு நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், அது நியாயமும்கூட. ஆனால் தொண்டருக்குத் தவணை முடிந்ததும் திரும்பிப் போக ஒரு நாடும் படிப்பும் காத்திருந்தன. தோட்டத்து வாத்தியார் பலருக்குத் திரும்பிப் போகக் கப்பல் காசுகூட இல்லை. அவர் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இன்றைக்கு

1957-இல் 888 தமிழ்ப் பள்ளிகள் இருந்ததாகக் கணக்கு. இன்று ஏறக்குறைய 530. பினாங்கில் 28. பைராம், ஜூரு, வால்டோர் என்று இன்னமும் தோட்டப் பெயரோடுதான் சில பள்ளிகள் நிற்கின்றன. தோட்டம் போய் வீடமைப்பும் தொழிற்சாலையும் வந்துவிட்டன. ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் கொடுக்கிறது. நிலம் யாருடையது என்பதைப் பொறுத்து முழு உதவி, பகுதி உதவி என்ற பிரிவு மட்டும் பழைய தோட்டக் காலத்தின் மிச்சமாகத் தொடர்கிறது.

நானும் தற்காலிக ஆசிரியராகத் தொடங்கியவன். எஸ்.பி.எம். முடித்த கையோடு, எந்தப் பயிற்சியும் இல்லாமல் மூன்றாம் ஆண்டு வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். முதல் சம்பளம் மூன்று மாதம் கழித்துத்தான் வந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நான் சரியாகப் பெருக்கல் சொல்லிக் கொடுத்தேனா என்று இன்றும் எனக்குச் சந்தேகம். குறைந்த சம்பளத்தில் வந்தவரின் தியாகத்தைப் போற்றுவது சரி. ஆனால் அந்தத் தியாகத்தை நம்பியே ஒரு பள்ளியை நடத்தினால், அதன் விலையைக் கடைசியில் பிள்ளைதான் கொடுக்கிறது. தாய்லாந்தின் கிராமப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

தேர்வு மாணவர்களுக்கு மூன்று கேள்விகள்

1. 1912, 1923 தொழிலாளர் சட்டங்கள் தமிழ்ப் பள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டின, தரத்தைக் கூட்டவில்லை. காரணங்களுடன் விளக்குக. (பயிற்சி, சம்பளம், பாடநூல், பிள்ளைகளின் வேலை ஆகிய நான்கையும் தொடுங்கள்.)

2. போருக்கு முந்திய மலாய்ப் பள்ளி ஆசிரியர் பயிற்சியையும் தமிழ்ப் பள்ளி ஆசிரியர் பயிற்சியையும் ஒப்பிடுக. (1922, 1935 ஆகிய ஆண்டுகளை மறக்காதீர்கள்.)

3. ரசாக் அறிக்கை தமிழ்ப் பள்ளி ஆசிரியரின் நிலையை எவ்வாறு மாற்றியது?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பள்ளியின் பழைய வருகைப் பதிவேடுகள் அலமாரியில் இருந்தால் எடுத்துப் பாருங்கள். முதல் பக்கத்தில் ஒரு வாத்தியாரின் கையெழுத்து இருக்கலாம். அவர் எந்த ஊரிலிருந்து வந்தார், எத்தனை ஆண்டு இருந்தார் என்று ஊர்ப் பெரியவர்களிடம் மாணவர்களே கேட்டு எழுதி வரட்டும். அந்த மாணவியின் கேள்விக்கு என் வகுப்பில் இந்தத் தவணை அதைத்தான் வேலையாகக் கொடுத்திருக்கிறேன்.