ஓடும் வாகனத்தில் பிழையாத கண்

தராசு பொருளின் எடையைச் சொல்லுகிறது. அத்தராசு சரியானது என்று சொல்லுவது யார்? கடையில் ஓரிடத்தில் நிற்கும் தராசுக்கே முத்திரையிட்ட எடைக்கல் வேண்டியிருக்கிறது. வானிலும் சாலையிலும் விரையும் வாகனத்தில் காமிராவைப் பொருத்தி, அதைக்கொண்டு தூரத்தையும் திசையையும் அளக்க மனிதன் முற்பட்டபோது இக்கேள்வி பன்மடங்கு கடினமாயிற்று. அதற்குக் கிடைத்த விடைகளின் வரலாற்றை இங்கே சுருக்கமாகக் காண்போம்.

காமிராவைக் கொண்டு நிலத்தை அளப்பதற்கு முன்பே நம் நாட்டு நில அளவையில் இக்கேள்வி எழுந்ததுண்டு. 1802-ஆம் ஆண்டில் வில்லியம் லாம்ப்டன் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோட்டை அளந்தார். எஃகுச் சங்கிலி வெயிலில் நீளும் என்பதை அறிந்து, வெப்பமானிகளை உடன் வைத்துக் கணக்கைத் திருத்தினார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் உயரத்திற்கு ஏற்றும்போது கயிறு அறுந்து, அவருடைய பெரிய தியோடலைட் கருவி சுவரில் மோதிச் சேதமுற்றது. வாரக்கணக்கில் உழைத்து அதைச் சீர்செய்த பின்னரே மீண்டும் அளவைக்குப் பயன்படுத்தினார். வெப்பமும் அதிர்ச்சியும் கருவியை மாற்றிவிடும். மாறிய கருவியைச் சோதிக்காமல் நம்பலாகாது. இவ்விரண்டு பாடங்களும் காமிராவுக்கும் பொருந்துவனவே.

படங்களிலிருந்து நிலப்படம் வரையும் முறையை 1850-களில் பிரெஞ்சு இராணுவ அதிகாரி எமே லோஸதா வளர்த்தார். 1858-இல் நாடார் என்ற புனைபெயர் கொண்ட பிரெஞ்சுப் புகைப்படக்காரர் பாரிசுக்கு அருகே பலூனில் ஏறி வானிலிருந்து படமெடுத்தார். முதல் உலகப் போரில் இவ்வேலை விமானங்களின் கைக்கு வந்தது. அப்போதுதான் இடர்ப்பாடு முழுமையாகத் தெரிந்தது. லென்ஸுக்கும் பிலிமுக்கும் உள்ள தூரம், படத்தின் மையம், லென்ஸ் உண்டாக்கும் கோணல் ஆகிய மூன்றும் துல்லியமாகத் தெரியவேண்டும். நான்காவதாக, காமிரா எத்திசையை எவ்வளவு சாய்வில் நோக்குகிறது என்பதும் தெரியவேண்டும். 3,000 மீட்டர் உயரத்தில் நேர் கீழே நோக்கவேண்டிய காமிரா ஒரே ஒரு டிகிரி சாய்ந்திருந்தால், தரையில் ஏறக்குறைய 52 மீட்டர் பிசகு நேரும். ஆற்றின் இக்கரையில் இருக்கும் வீடு நிலப்படத்தில் அக்கரைக்குப் போய்விடக்கூடும்.

முதல் விடை, காமிராவுக்குள்ளேயே சாட்சியை வைப்பது. சட்டத்தின் ஓரங்களில் சிறு குறிகளைப் பதித்து, அவற்றின் இடைவெளியை ஆய்வுக்கூடத்தில் அளந்துவைத்தனர். ஒவ்வொரு படத்திலும் அக்குறிகள் விழும். ஈரத்தாலோ வெப்பத்தாலோ பிலிம் நீண்டாலும் சுருங்கினாலும் அவை காட்டிக்கொடுத்துவிடும். 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் சந்திரனில் எடுத்த படங்களில் காணும் சிலுவைக் குறிகளும் இவ்வினத்தவையே. கண்ணாடித் தகட்டில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பொறித்த 25 குறிகள் அவை.

லென்ஸின் கோணலுக்கு மற்றொரு விடை பிறந்தது. மையம் பிசகிய லென்ஸின் குறைகளை 1919-இல் கான்ரடி கணித முறையில் ஆராய்ந்தார். டுவேன் பிரவுன் 1966-இலும் 1971-இலும் அதை விரிவாக்கினார். கொத்தனார் சுவரின் நேர்மையைப் பார்க்கும் தூக்குநூலையே பிரவுன் துணைகொண்டார். தொங்கும் நூல்களைப் படமெடுத்தால் அவை நேர்கோடாக விழவேண்டும். எவ்வளவு வளைந்து விழுகின்றனவோ அவ்வளவு லென்ஸின் குற்றம்.

வானத்துப் படங்களைப் படிக்கும் கலையைக் கற்பிக்க 1966-இல் டேராடூனில் ஒரு நிறுவனம் தோன்றியது. பின்னர் நம் நாட்டுக் காமிராக்கள் விண்ணுக்கே சென்றன. 2005-இல் ஏவப்பட்ட கார்ட்டோசாட்-1 சுமார் 618 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, 2.5 மீட்டர் அளவுள்ள பொருளையும் பிரித்தறியும் வகையில் படமெடுத்தது. அவ்வுயரத்தில், டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு பிசகினாலும் தரையில் மூன்று மீட்டர் தவறும். ஏவும்போது குலுங்கிய காமிராவை விண்ணில் தொட்டுத் திருத்த இயலாது. இடம் நன்கு தெரிந்த தரைப் புள்ளிகளைப் படமெடுத்தே பிழையைக் கணிக்கவேண்டும்.

சாலையில் ஓடும் வாகனத்தின் கதை இதனினும் நெருக்கடியானது. ஜெர்மனியில் எர்ன்ஸ்ட் டிக்மன்ஸ் குழுவினரின் வண்டி, 1987-இல், போக்குவரத்தில்லாத நெடுஞ்சாலைப் பகுதியில் காமிராவின் துணையால் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தில் தானே ஓடியது. அதே ஆண்டில் ரோஜர் ட்சாய் காமிராவை அளவிடும் முறையொன்றை வெளியிட்டார். 2000-இல் ஜெங்யூ ஜாங் சதுரங்கக் கட்டம் அச்சிட்ட ஓர் அட்டையே போதுமென்று காட்டினார். ஆனால், பட்டறையில் சரிபார்த்த காமிரா பள்ளத்தில் குலுங்குகிறது, வெயிலில் காய்கிறது, பின்புறம் சுமை ஏறினால் வண்டியின் முகமே மேல்நோக்கிவிடுகிறது.

இங்கே சாலையே சாட்சியாகிறது. ஊருக்குப் போக ரயிலுக்குக் காத்திருக்கையில், நடைமேடையின் கோடியில் நின்று பார்த்தால், இணையான தண்டவாளங்கள் தொலைவில் ஒரு புள்ளியில் கூடுவதுபோல் தோன்றும். சாலைக் கோடுகளும் அவ்வாறே. அப்புள்ளி படத்தில் எங்கே விழுகிறது என்று ஓடும்போதே கவனித்தால், காமிரா மேலும் கீழும் பக்கவாட்டிலும் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பதை அறியலாம். 1992-இல் ஃபோஜரா, லுவாங், மேபாங்க் மூவரும், அட்டை எதுவுமின்றி, இடம் பெயர்ந்து எடுத்த படங்களைக்கொண்டே காமிராவின் உள் அளவுகளைக் கண்டறியும் வழியை நிறுவினர். இதற்கும் வரம்புண்டு: திரும்பாமல் நேரே மட்டும் செல்லும் பயணம் எல்லா அளவுகளையும் சொல்லிவிடாது.

இன்று பல கார்களில் முன்கண்ணாடியின் பின்னே இத்தகைய காமிரா இருந்து, தடம் மாறினால் எச்சரிக்கிறது. சிலவற்றில் பிரேக்கையும் இயக்குகிறது. அது பக்கவாட்டில் ஒரு டிகிரி பிசகினால், 100 மீட்டர் தொலைவில் பிழை ஒன்றேமுக்கால் மீட்டராகும். மூன்றரை மீட்டர் அகலமுள்ள தடத்தில் அது சரிபாதி. எதிரே வருபவர் நம் தடத்தில் இருக்கிறாரா, அடுத்த தடத்தில் இருக்கிறாரா என்பதையே அப்பிழை மாற்றிவிடும். ஆகவே முன்கண்ணாடியை மாற்றினால் காமிராவையும் மீண்டும் சரிபார்க்கவேண்டும். கண்ணாடி நன்றாகப் பொருந்தியிருப்பது மட்டும் போதாது. அதன் பின்னிருக்கும் கண்ணைச் சோதித்தார்களா என்று கேட்டறிந்த பிறகே வண்டியைச் சாலைக்கு எடுத்துவருவது நமக்கும் நல்லது, எதிரே வருபவருக்கும் நல்லது.