கடிச்ச நாயை ஏன் கொல்லக் கூடாது? ஒரு 10 நாள் கணக்கின் கதை

திண்டிவனம் பக்கத்துல எங்க பாட்டி ஊர். அங்கே நாய் யாரையாவது கடிச்சா, ஒரு கூட்டம் கம்பை எடுத்துக்கிட்டு கிளம்பிடும். பாட்டி மட்டும், "அடிக்காதீங்கடா, கட்டிப்போட்டு சோறு வைங்க, பத்து நாள் பார்ப்போம்"னு கத்துவாங்க. நாய் மேல இருக்கிற இரக்கம்னுதான் ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அது வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு பரிசோதனை என்பது பிறகு படித்தபோதுதான் புரிந்தது.

வெறிநோய்க் கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய், அதன் பிறகே எச்சிலுக்கு வரும். எச்சிலில் கிருமி வந்துவிட்ட நாய்க்குச் சில நாளிலேயே நோய் வெளியே தெரியும், சீக்கிரம் செத்தும் போகும். அதனால் கடித்த நாய் 10 நாள் கழித்தும் நன்றாகத் தின்றுகொண்டு திரிந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று அர்த்தம்.

இந்தக் கணக்கு அந்தக் காலத்தில் ஏன் அவ்வளவு முக்கியம்? பாஸ்டர் 1885-ல் ஊசி கண்டுபிடித்தாலும், நம் பக்கத்து ஆட்கள் இமயமலை அடிவாரத்துக் கசௌலிக்குப் போகவேண்டியிருந்தது. அங்கே நிலையம் தொடங்கியதே 1900-ல்தான். 1902-ல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண்மணி வெறிநோயில் இறந்த பிறகுதான் தெற்கிலும் ஒன்று வேண்டும் என்ற முயற்சி நடந்து, 1907-ல் குன்னூர் பாஸ்டர் நிலையம் திறந்தது. அப்போ விழுப்புரமும் திண்டிவனமும் தென்னாற்காடு மாவட்டம். அங்கிருந்து மேட்டுப்பாளையம் வரை ரயில், அப்புறம் மலை ரயில். கூலிக்காரருக்கு அத்தனை நாள் பிழைப்பும் போச்சு.

பிறகு வந்தது ஆட்டு மூளையிலிருந்து செய்த செம்பிள் மருந்து. தொப்புளைச் சுத்தி 14 ஊசின்னு பெரியவங்க சொல்றது இதைத்தான். வலி ஒரு பக்கம், சிலருக்குப் பக்கவாதமே வந்தது. நாய் நல்லாயிருக்குன்னு தெரிஞ்சா மிச்ச ஊசியிலிருந்து தப்பிக்கலாம். அடிச்சுக் கொன்னுட்டா அந்த வாய்ப்பு போச்சு. நாயின் மூளையை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்தால்தான் உண்டு.

சரி, 10 நாளில் எதைப் பார்க்கணும்? தீனி எடுக்குதா, குரல் மாறியிருக்கா, இருட்டு மூலையில போய் ஒளியுதா, தாடை தொங்கி எச்சில் ஒழுகுதா, கல்லையும் கட்டையையும் கடிக்குதா. தண்ணி காட்டிப் பார்க்கிற வழக்கம் மட்டும் தப்பு. தண்ணீருக்குப் பயப்படுவது நோய் வந்த மனிதர்தான். வெறி பிடித்த நாய் தண்ணீருக்குப் பயப்படாது. இதை நம்பி "நாய் தண்ணி குடிச்சிடுச்சு, ஒண்ணுமில்லை"ன்னு விட்டுடாதீங்க. வாயில கையை விட்டுப் பார்க்கவும் கூடாது.

இன்னொண்ணு. பாட்டி காலத்தில் பார்த்துட்டு ஊசி போட்டாங்க. இப்போ ஊசி போட்டுக்கிட்டே பார்க்கணும். செம்பிள் மருந்து போயாச்சு, கையில போடும் 4, 5 ஊசிதான். நோய் வந்துட்டா மருந்து கிடையாது. கடிச்ச உடனே சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவுங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. நாய் 10-ஆம் நாளும் வாலாட்டிக்கிட்டு வந்தா, மிச்ச ஊசியை டாக்டர் முடிவு பண்ணட்டும்.

கம்பை மட்டும் கீழே போடுங்க. பாட்டி சொன்னது சரிதான்.