வியன்னாவில் எழுதிய ஒரு கணக்கு



வயிற்றில் புற்றுநோய், முற்றிவிட்டது என்று கேட்டதும் "கத்தி வைத்தால் பிழைக்க மாட்டார்" என்கிறோம். ஒரு காலத்தில் அது உண்மைதான். 1879-இல் பாரிசில் பெயான், 1880-இல் போலந்து நாட்டவரான ரைடிகியர் ஆகியோர் இரைப்பைப் புற்றை வெட்டி எடுத்தார்கள். இருவரின் நோயாளிகளும் சில நாட்களுக்குள் இறந்துபோனார்கள்.

1881 ஜனவரி 29 அன்று வியன்னாவில் தியோடர் பில்ரோத் மீண்டும் முயன்றார். நோயாளி 43 வயதுப் பெண். இரைப்பையின் அடிவாயில் கட்டி, சாப்பிட்டது தங்கவில்லை. குளோரோஃபார்ம் கொடுத்து, கார்பாலிக் அமிலத்தால் கிருமி நீக்கி, கட்டியை எடுத்தார். மிஞ்சிய இரைப்பையைச் சிறுகுடலோடு பட்டு நூலால் தைத்தார். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது.

அந்த அம்மா பிழைத்தார், சாப்பிட்டார், வீடு திரும்பினார். ஆனால் நோய் முன்பே பரவியிருந்ததால் சுமார் நான்கு மாதமே வாழ்ந்தார். இறந்தபின் பார்த்தபோது தையல் நன்றாக ஆறியிருந்தது.

பில்ரோத் தம் தோல்விகளையும் மறைக்காமல் வெளியிட்டவர். வங்கியில் பேரேடு எழுதிய எனக்கு அதுதான் பிடித்தது. வரவை மட்டும் எழுதினால் கணக்கு டேலி ஆகாதே!

நம் வீட்டில் யாருக்காவது இந்த நிலை வந்தால் பயந்து ஒதுங்காதீர்கள். நோய் எவ்வளவு பரவியிருக்கிறது, அறுவை சிகிச்சையால் என்ன பயன், எழுந்து நடமாட எத்தனை நாளாகும் என்று மருத்துவரிடம் கேளுங்கள். காரணமின்றி எடை குறைந்தாலோ, இரண்டு வாயிலேயே வயிறு நிறைந்தாலோ, "வெறும் கேஸ்" என்று தள்ளிப்போடாதீர்கள்.