பாயும் சுக்கானும் இல்லாத படகு

கடற்கரையில் வாழும் நம் சகோதரர்களுக்குப் பாய்மரம், பாய், சுக்கான், நங்கூரம் என்பன நாள்தோறும் கைபடும் பொருள்கள். தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்குக் கடல் இல்லை, காவிரி உண்டு. பென்னாகரத்தை அடுத்த ஒகேனக்கல்லில் நாம் காணும் பரிசலில் மேற்சொன்னவற்றுள் ஒன்றேனும் இல்லை. மூங்கிற் பத்தைகளால் முடைந்த வட்டக் கூடை, அதன்மேல் ஒரு போர்வை, ஓட்டுபவர் கையில் ஒற்றைத் துடுப்பு. அவ்வளவே.

இக்குறை அறியாமையால் வந்ததன்று. முன்னும் பின்னும் இல்லாத வட்டக் கலத்தில் பாய் கட்டினால், காற்று அதைச் சுழற்றுமேயன்றி நேரே செலுத்தாது. பாறைகள் நிறைந்த ஆற்றில் ஆழ அமிழும் அடிமரமும் ஆபத்தே. பரிசலோ சிறிதளவு நீரிலும் மிதக்கும். துடுப்பால் நீரைத் தம்பக்கம் இழுத்து இழுத்தே ஓட்டுபவர் அதை நகர்த்துகிறார். செலுத்துவதும் திருப்புவதும் அந்த ஒரு துடுப்புதான்.

கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ் பாபிலோனுக்கு வந்த இத்தகைய தோற்படகுகளை வியந்து எழுதினார். ஒவ்வொரு படகிலும் ஒரு கழுதை ஏறிவரும். நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்ப இயலாதாகையால், சரக்கு விற்றதும் மரச்சட்டத்தையும் விற்றுவிட்டு, தோலைக் கழுதைமேல் ஏற்றித் தரைவழியே ஊர் திரும்புவார்களாம். ஒகேனக்கல்லில் கழுதைக்கு வேலையில்லை. பரிசலையே தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பாறைகளைக் கடந்து நடக்கிறார்கள்!

விசயநகரத்துக்கு 1520ஆம் ஆண்டையொட்டி வந்த போர்த்துக்கீசியர் தொமிங்கோ பயஸ், துங்கபத்திரையில் பதினைந்து இருபது பேரை ஏற்றிச் சுழன்று சுழன்று சென்ற கூடைப் படகுகளைப் பற்றி எழுதிவைத்தார். பின்னாளில் வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற ஆர்தர் வெல்லெஸ்லி, 1803ஆம் ஆண்டு மராத்தியப் போரின்போது தம் படை ஆறு கடப்பதற்கு இவற்றையே நம்பினார்.

மூங்கில் பரிசலுக்கு வடிவம் தந்தது; மிதக்கச் செய்ததோ மாட்டுத் தோல். இதனை நாம் எளிதில் கடந்துபோய்விடுகிறோம். செத்த மாட்டை உரித்துத் தோலைப் பதப்படுத்தியவர்களை ஊர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கிவைத்தது. ஆயினும் ஆற்றின் நடுவே, ஒதுக்கியவர்களின் உயிருக்கும் வெள்ளத்துக்கும் இடையே இருந்தது அவர்கள் கைபட்ட அந்தத் தோல் ஒன்றுதான். கரையில் தீட்டு, நீரில் காப்பு. பயஸ் தோலைக் குறிப்பிடுகிறார், எரோடோட்டஸும் குறிப்பிடுகிறார். அதைப் பதப்படுத்தியவர்களைப் பற்றி இருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இன்று தோலின் இடத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் வந்துவிட்டன. பயணிகளுக்கு உயிர்காப்பு மேலாடை கட்டாயமாகியுள்ளது. பரிசல் பெற்ற புதிய கருவி அது ஒன்றே. காவிரியில் நீர்வரத்து மிகும்போது மாவட்ட நிருவாகம் பரிசல்களை நிறுத்திவிடுகிறது. அந்நாள்களில் அவை கரையில் ஆமைகள்போலக் கவிழ்ந்து கிடக்கின்றன.