மரக்காணமும் ஆக்ரனும்: குடிநோயும் கிறிஸ்தவ விசுவாசமும்

மரக்காணம் என்றால் இன்று நமக்கு ஞாபகம் வருவது உப்பளம். தூத்துக்குடி, வேதாரண்யத்துக்கு அடுத்தபடியாக தமிழ்நாட்டில் உப்பு விளையும் முக்கியமான ஊர். ஆனால் அந்த ஊருக்கும் மதுவுக்கும் உள்ள தொடர்பும் மிகப் பழையது. சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம்தான் மரக்காணம் என்று பல ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அங்கே போனால் பரதவர் வீட்டுப் பெண் வடித்த கள்ளும் சுட்ட மீனும் விருந்தாகக் கிடைக்கும் என்று பாணனுக்கு வழி சொல்கிறது அந்த நூல்.

2023 மே மாதம் அதே கடற்கரை வேறு விதமாகச் செய்தியில் வந்தது. எக்கியார்குப்பம் மீனவ கிராமத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக இறந்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்தில் இறந்தவர்களையும் சேர்த்தால் 20 பேருக்கு மேல். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் பலி.

ஒவ்வொரு முறையும் எழும் கேள்வி ஒன்றுதான். மதுவிலக்கு வேண்டுமா வேண்டாமா? 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் அது மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் நீக்கப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மறுபடியும் நீக்கப்பட்டது. 2003இல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே சில்லறை விற்பனையைத் தொடங்கியது. சட்டம் கடையைத் திறக்கலாம், மூடலாம். ஆனால் ஏற்கெனவே குடிக்கு அடிமையாகிவிட்ட மனிதன் அதிலிருந்து எப்படி வெளியே வருவது? அதற்குப் பதில் தேடியவர்களின் வரலாறு தனியாக ஒன்று இருக்கிறது. அது தொடங்கியது கிறிஸ்தவ விசுவாசத்தில்.

அமெரிக்கப் பங்குச்சந்தையில் வேலை பார்த்தவர் பில் வில்சன். குடியால் எல்லாவற்றையும் இழந்தவர். 1934 நவம்பரில் அவருடைய பழைய குடிகார நண்பர் எபி தாட்சர் அவரைப் பார்க்க வந்தார். ஆச்சரியம், நண்பர் குடிக்கவில்லை! பிராங்க் புக்மன் என்ற லூத்தரன் போதகர் தொடங்கிய ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் அவர் சேர்ந்திருந்தார். செய்த தவறுகளை இன்னொருவரிடம் அறிக்கையிடுவது, யாருக்குத் தீங்கு செய்தோமோ அவரிடமே போய்ச் சரிசெய்வது, தன்னைக் கடவுளிடம் ஒப்புக்கொடுப்பது, மற்றவர்களுக்குச் சாட்சி சொல்வது. இவைதான் அந்த இயக்கத்தின் வழிகள். ஏசுவைச் சந்தித்த பிறகு, ஏமாற்றி வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்ன சகேயுவின் கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

அடுத்த மாதம் மருத்துவமனையில் சேர்ந்த பில் அங்கே ஓர் ஆன்மிக அனுபவம் பெற்றார். அதற்குப் பிறகு அவர் குடிக்கவே இல்லை. உற்சாகத்தோடு மற்ற குடிகாரர்களைத் தேடிப்போய்ப் பிரசங்கம் செய்தார். பல மாதங்கள் ஓடியும் ஒருவர்கூடத் திருந்தவில்லை! அவருக்கு சிகிச்சை தந்த டாக்டர் சில்க்வொர்த் ஒரு யோசனை சொன்னார். "முதலில் பிரசங்கத்தை நிறுத்துங்கள், இது ஒரு நோய் என்பதைச் சொல்லுங்கள்" என்பதுதான் அதன் சாரம்.

1935 மே மாதம் வியாபார விஷயமாக ஒஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போன பில், அதில் தோற்று, ஹோட்டலில் தனியாக நின்றார். ஒரு பக்கம் மதுக்கூடம், மறுபக்கம் தொலைபேசி. அவர் ஒரு போதகரைத் தொலைபேசியில் அழைத்து, பேசுவதற்கு ஒரு குடிகாரர் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். இந்த முறை பில் உபதேசம் செய்யவில்லை, தன் கதையை மட்டும் சொன்னார். டாக்டர் பாப் கடைசியாகக் குடித்தது 1935 ஜூன் 10 என்பார்கள். அன்று அறுவை சிகிச்சையை முடித்துவிட்டு, தான் பதில் சொல்ல வேண்டியவர்களையும் கடன்காரர்களையும் தேடிப் போனார். அந்த நாளைத்தான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது.

1939இல் வெளிவந்த அவர்களுடைய புத்தகத்தில் பன்னிரண்டு படிகள் உள்ளன. நான்காவது படி வணிகவியல் மாணவர்களுக்கு உடனே பிடிபடும். அது இன்வென்டரி, அதாவது சரக்கு இருப்புக் கணக்கு! கெட்டுப்போன சரக்கை ஒத்துக்கொள்ளாத கடை திவாலாகும் என்பதுபோல, மனிதனும் தன் குறைகளை எழுதிக் கணக்கெடுக்க வேண்டும். அதை இன்னொருவரிடம் சொல்வது ஐந்தாவது படி. கத்தோலிக்கர் பாவசங்கீர்த்தனம் என்று சொல்வதற்கு மிக நெருக்கமானது. கேட்பவர் குருவானவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

புத்தகம் எழுதும்போது, உறுப்பினர்களில் கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் சண்டை போட்டார்கள். அதன் விளைவாக, கடவுள் என்பது அவரவர் புரிந்துகொண்டபடி என்று மாற்றப்பட்டது. கிறிஸ்தவ வேர் அப்படியே இருந்தது, கதவு மட்டும் எல்லோருக்கும் திறந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் 1957இல் ஏ.ஏ. இந்தியாவுக்கு வந்தது. இன்றும் தமிழ்நாட்டில் பல கூட்டங்கள் சர்ச் வளாகங்களில் நடக்கின்றன. வருபவர்கள் எல்லா மதத்தினரும்தான். கட்டணம் கிடையாது, செலவு உறுப்பினர்களுடையது. சென்னையில், கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி. ரங்கநாதன் பெயரில் தொடங்கிய மருத்துவ அமைப்பும் இந்தப் பன்னிரண்டு படிகளை மருத்துவத்தோடு சேர்த்துப் பயன்படுத்தியது.

இன்னொரு சுவையான செய்தி. ஆக்ஸ்போர்டு குரூப் 1938இல் தார்மீக மறு ஆயுதமாக்கல் என்ற இயக்கமாக மாறியது. இந்தியாவில் அதை முன்னெடுத்தவர் ராஜ்மோகன் காந்தி. காந்திஜிக்கு மகன் வழிப் பேரன், ராஜாஜிக்கு மகள் வழிப் பேரன்! தாத்தா சட்டத்தால் குடியை நிறுத்தப் பார்த்தார். பேரன் சேர்ந்த இயக்கமோ மனமாற்றத்தை நம்பியது.

விசுவாசம் மட்டும் போதுமா? போதாது. பில்லே முதலில் மருத்துவமனையில்தான் படுத்தார். பல வருடம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தபிரமை வரலாம், உயிரே போகலாம். ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப்போகும் முன் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டும். மருந்து உடம்பிலிருந்து மதுவை இறக்கும். அடுத்த சம்பள நாளன்று, உப்பளத்திலிருந்து உடம்பெல்லாம் எரியத் திரும்பும் ஒருவர் கடையைத் தாண்டி வீட்டுக்குப் போக வேண்டுமே, அங்கேதான் விசுவாசத்துக்கு வேலை. அப்போது அவருக்குத் தேவை "நீ பாவி" என்று சொல்லும் குரல் அல்ல. "நானும் அப்படித்தான் இருந்தேன், வா, உட்கார்" என்று சொல்லும் ஒரு பழைய குடிகாரர். ஆக்ரனில் 1935இல் பலித்தது அதுதான். எக்கியார்குப்பத்தில் சாராயம் குடித்துப் பிழைத்து வந்தவர்களுக்கும் நிவாரணப் பணத்தோடு சேர்த்துக் கிடைக்க வேண்டியது அதுதான்.